கணக்கில் ஏறாத வேலைக்குக் கூலி எங்கே?

(கடை, காரியாலய ஊழியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



கடை மூடும் நேரம் வருகிறது. கடைசி வாடிக்கையாளரும் படியிறங்கிவிட்டார். நீங்கள் விரலடையாள இயந்திரத்தில் விரலை வைக்கிறீர்கள். ‘இன்றைய வேலை முடிந்தது’ என்று அது பதிவு செய்துகொள்கிறது. வேலை முடிந்துவிட்டதா? இல்லை. விரித்துக் காட்டிய சேலைகளை மடித்து அடுக்க வேண்டும். காசுப்பெட்டியிலுள்ள பணத்தைப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தரையைக் கூட்ட வேண்டும். முதலாளியோ முகாமையாளரோ வந்து பூட்டுப் போடும்வரை வாசலில் நிற்க வேண்டும். காலையிலும் இதே கதைதான். கடை திறப்பது ஒன்பது மணிக்கு. நீங்கள் வந்து தூசு தட்டிச் சாமான் அடுக்கத் தொடங்குவது அதற்கு முன்னர். பதிவில் ஏறுவதோ ஒன்பது மணி.

பதிவில் ஏறாத இந்த நிமிடங்கள் யாருக்குச் சொந்தம்? இந்த ஒரே கேள்வியைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் வந்து நிற்கிறோம்.

‘பதினைந்து நிமிடம், அரை மணி நேரம், இதற்கும் ஒரு கணக்கா?’ என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். நல்லது, கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு அரை மணித்தியாலம். மாதத்தில் 24 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 12 மணித்தியாலம். ஆண்டுக்கு 144 மணித்தியாலம். எட்டு மணித்தியாலம் கொண்ட வேலை நாளாக இதைப் பிரித்தால் முழுமையாகப் பதினெட்டு நாட்கள்! மேலதிக நேரத்துக்குச் சட்டம் விதிக்கும் ஒன்றரை மடங்கு வீதத்திற் பார்த்தால் இருபத்தேழு நாட் சம்பளம்! பன்னிரண்டு மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஊழியன் ஏறத்தாழப் பதின்மூன்றாவது மாதச் சம்பளமொன்றைத் தன்னை அறியாமலே முதலாளிக்குத் தானமாக வழங்கிக்கொண்டிருக்கிறான். பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குக் கடன் வாங்கும் மனிதன் செய்யும் தானம் இது.

நிமிடங்களைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று நமக்கு உபதேசிப்பவர்கள் தாம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். காலையிற் பத்து நிமிடம் பிந்தி வந்தால் சம்பளத்தில் வெட்டு. காசுப்பெட்டியில் ஐம்பது ரூபா குறைந்தால் அது ஊழியன் தலையில். தங்கள் பக்கத்து நிமிடமும் சதமும் அவர்களுக்குப் பொன். ஊழியன் பக்கத்து நிமிடம் மாத்திரம் தூசு. நியாயத்தின் தராசுக்கு இரண்டு படிக்கற்கள் இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்தையும் வாரமொன்றுக்கு நாற்பத்தைந்து மணித்தியாலத்தையும் தாண்டலாகாது. உணவுக்கும் ஓய்வுக்குமான இடைவேளை அதிற் சேராது. அதற்கு மேல் வேலை வாங்குவதானால், நீங்கள் ‘ஓவர் ரைம்’ என்று சொல்லும் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு வீதத்தில் தரப்பட வேண்டும். அந்த மேலதிக வேலைக்கும் வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் என்ற எல்லை உண்டு. ஊழியரின் சம்பளத்தையும் நேரத்தையும் பற்றிய பதிவுகளை வைத்திருக்க வேண்டிய கடமை முதலாளியுடையது.

‘எமக்கு மாதச் சம்பளந்தானே, மணிக்கணக்கு எமக்கு எதற்கு?’ என்று நம்மவர் சிலர் எண்ணுகிறார்கள். இது பெருந் தவறு. சம்பளம் நாளுக்குத் தரப்பட்டாலென்ன, மாதத்துக்குத் தரப்பட்டாலென்ன, சட்டம் உங்கள் உழைப்பை மணித்தியாலத்தினால் அளந்து எல்லை கட்டியிருக்கிறது.

அப்படியானால் எது வேலை நேரம்? இயந்திரத்தில் விரல் வைத்ததற்கும் விரல் எடுத்ததற்கும் இடைப்பட்டது மட்டுமா? சர்வதேசத் தொழில் தாபனம் 1930ஆம் ஆண்டில் வர்த்தக நிலையங்களுக்கும் காரியாலயங்களுக்குமென நிறைவேற்றிய 30ஆம் இலக்கச் சமவாயம் இதற்கு விடை தருகிறது. ஊழியர் எந்த நேரத்தில் முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு இருக்கிறாரோ அந்த நேரமே வேலை நேரம் என்பது அதன் கருத்து. கை அசைந்ததா என்பது கேள்வியன்று. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக உங்களுக்குச் சுதந்திரம் இருந்ததா என்பதே கேள்வி. பூட்டுக்காக வாசலில் காத்து நிற்பவன் சும்மா நிற்கிறான் என்று யார் சொல்ல முடியும்? அவன் போக முடியாது. ஆகவே அவன் வேலையில் இருக்கிறான்.

தோழர்களே! இந்தக் கேள்வி நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அமெரிக்காவிலேயே இது ஒரு பெரும் வழக்காக வெடித்தது. அந்த வழக்கின் வெற்றியிலும் தோல்வியிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் மவுண்ட் கிளெமென்ஸ் என்ற ஊர். அங்கே ஒரு பீங்கான் தொழிற்சாலை. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்தார்கள். வாசலிற் பதிவுக் கடிகாரத்தில் அட்டையைப் பதிந்துவிட்டு, நீண்டு கிடந்த கட்டடத்தினூடாகத் தத்தம் இடத்துக்கு நடக்க வேண்டும். மேலங்கி அணிந்து, கைகளுக்கு எண்ணெய்ப் பசையோ நாடாவோ இட்டு, விளக்கையும் இயந்திரத்தையும் இயக்கி, கருவிகளைத் தீட்டி வைக்க வேண்டும். இவையெல்லாம் நேரம் தொடங்குமுன் நடந்தாக வேண்டும். முன்னும் பின்னும் பதினான்கு நிமிடம் வரை பதிய இடமுண்டு; சம்பளமோ கால் மணித்தியாலக் கணக்கிலே வெட்டப்பட்டது. காலை 6.46க்குப் பதிந்து 12.14க்கு வெளியேறி, மீண்டும் 12.46க்குப் பதிந்து 4.14க்கு வெளியேறும் தொழிலாளிக்கு எட்டு மணித்தியாலமே கணக்கு. அட்டையில் இருப்பதோ எட்டு மணித்தியாலமும் ஐம்பத்தாறு நிமிடமும்!

ஏழு தொழிலாளரும் அவர்களது சங்கமும் எல்லாருக்குமாக வழக்குத் தொடுத்தனர். 1946 ஜூன் 10ஆம் திகதி அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிராங்க் மேர்பி. முதலாளியின் வளவுக்குள் தொழிலாளி கட்டாயமாக நிற்க வேண்டிய நேரமும், வேலைக்கு ஆயத்தம் செய்யும் நேரமும் வேலை நேரமே என்று அது கூறியது. அதனினும் முக்கியமான ஒன்றையும் அது கூறியது. சரியான பதிவை வைத்திருக்க வேண்டியவர் முதலாளி. அவர் வைக்கத் தவறிய பின்னர், ‘எத்தனை நிமிடம் என்று துல்லியமாக நிரூபி’ எனத் தொழிலாளியைக் கேட்பது அநீதி. வேலை செய்தேன், ஏறத்தாழ இவ்வளவு நேரம் செய்தேன் என்று நியாயமாக ஊகிக்கத்தக்க சாட்சியத்தை அவன் தந்தாற் போதும். அதைப் பொய்ப்பிக்கும் பாரம் அதன் பின் முதலாளியைச் சார்கிறது. முதலாளிக்குத் தன் குற்றத்தையே தனக்குக் கேடயமாக்கிக்கொள்ள இடமில்லை.

இனித் தோல்வியைக் கேளுங்கள். இந்தத் தீர்ப்பைக் கண்டு அமெரிக்கா முழுவதும் வழக்குகள் குவிந்தன. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள். கோரப்பட்ட தொகை 500 கோடி டொலருக்கு மேல். ‘அற்பமானவற்றைச் சட்டம் பொருட்படுத்தாது’ என்பது சட்டத்தில் ஒரு முதுமொழி. சில விநாடிகளையும் நிமிடங்களையும் அவ்வாறு தள்ளிவிட மேர்பியின் தீர்ப்பே ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. மீண்டும் விசாரித்த கீழ் நீதிமன்ற நீதிபதி, அந்தக் கதவினூடாக 1947 பெப்ரவரியில் மவுண்ட் கிளெமென்ஸ் வழக்கையே தள்ளுபடி செய்தார். முதலாளிமாரோ காங்கிரசின் கதவைத் தட்டினர். 1947 மே 14ஆம் திகதி புதிய சட்டத்தில் ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்டார். வேலைத்தலத்துக்கு நடக்கும் நேரத்துக்கும், பிரதான வேலைக்கு முன்னும் பின்னும் செய்யும் சில்லறைக் காரியங்களுக்கும் கூலியில்லை என்று அச்சட்டம் விதித்தது. நீதிமன்றத்தில் வென்றதைத் தொழிலாளர் ஓராண்டு முடியுமுன்னரே சட்டசபையில் இழந்தனர்.

ஆனால் அச்சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஒப்பந்தத்தினாலோ வழக்கத்தினாலோ அந்த நேரத்துக்குக் கூலி உண்டென்று ஏற்கப்பட்டிருந்தால் அது செல்லும் என்பதே அந்த விதிவிலக்கு. அதன் பொருள் என்ன? சங்கமாகத் திரண்டு பேரம் பேசி எழுத்திற் பெற்றுவைத்திருந்தவன் உரிமையைக் காத்துக்கொண்டான். நீதிபதியின் தயவை மாத்திரம் நம்பியிருந்தவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

அந்தச் சட்டத்தின் நிழல் நீண்டது. 2014ஆம் ஆண்டில் நெவாடா மாநிலப் பண்டகசாலைத் தொழிலாளரின் வழக்கு அதே அதியுயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வேலை முடிந்த பின் களவுச் சோதனைக்காக ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நிற்கிறோம் என்று அவர்கள் முறையிட்டார்கள். ஒன்பது நீதியரசரும் ஒருமுகமாக, அதற்குக் கூலியில்லை என்றனர். முதலாளியின் பொருளைக் காக்கும் சோதனை. அதற்காகச் செலவானது தொழிலாளியின் நேரம்!

எனினும் கதவு முற்றாக மூடிவிடவில்லை. 2018ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றத்தில் ஒரு கோப்பிக்கடை ஊழியரின் வழக்கு. நேரப் பதிவை முடித்த பின்னரே அன்றைய விற்பனைக் கணக்கைத் தலைமையகத்துக்கு அனுப்பி, அபாய மணியைப் பொருத்தி, கதவைப் பூட்டிச் செல்ல வேண்டிய நிலையில் அவர் இருந்தார். நாளொன்றுக்கு நான்கு முதற் பத்து நிமிடம் வரையே. பதினேழு மாதத்திற் கூட்டினால் 12 மணித்தியாலமும் 50 நிமிடமும்; அன்றைய கூலி வீதத்தில் 102 டொலர் 67 சதம். நாள்தோறும் தவறாது வாங்கப்படும் வேலையை அற்பமென்று தள்ள முடியாது என்றும், மணிக்கூலிக்கு உழைப்பவனுக்கு இந்தத் தொகை சிறிதன்று என்றும் அந்த நீதிமன்றம் தீர்த்தது. கடல் கடந்த அந்தக் கடையின் பூட்டும் புறக்கோட்டைக் கடையின் பூட்டும் ஒரே ஓசையிற்றான் ஒலிக்கின்றன.

அமெரிக்கத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் இதை உங்களிடம் நாம் மறைக்க மாட்டோம். ஆனால் அதன் நியாயத்துக்கு இடந்தரும் விதிகள் நமது சட்டப் புத்தகத்திலேயே கிடக்கின்றன. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு விடயம் விசேடமாக ஒருவரின் அறிவுக்குள் இருக்குமானால் அதை நிரூபிக்கும் பாரம் அவருடையது என்கிறது 106ஆம் பிரிவு. கொண்டுவரக்கூடிய சான்றை ஒருவர் கொண்டுவராமல் விட்டால், வந்திருந்தால் அது அவருக்குப் பாதகமாயிருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 114ஆம் பிரிவு. சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்தபோதோ நினைவு பசுமையாயிருந்தபோதோ தாமே எழுதிய குறிப்பைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறது 159ஆம் பிரிவு.

இந்த மூன்றாவது விதியை மறவாதீர்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டினீர்கள், பதிவு முடிந்த பின் என்ன வேலை செய்தீர்கள், யார் ஏவினார், யார் கூட இருந்தார் என்பதை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே இருப்பில் எழுதாதீர்கள். ஒரு நிமிடமேனும் கூட்டி எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு நியாயவாதிக்கு அந்தக் கொப்பியைப் பார்க்கவும் அதைப்பற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும் உரிமையுண்டு. ஒரு பொய் வரி அகப்பட்டால் நூறு மெய் வரிகளும் சாய்ந்துவிடும். வேலை முடிந்த பின் முகாமையாளர் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் கட்டளைகளையும் அழித்துவிடாதீர்கள். அவரே எழுதித் தந்த சாட்சியம் அது.

இந்த அநீதி கடைகளோடு நின்றுவிடவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் நமது சகோதரிகள் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மடுவத்துக்கு நடக்கிறார்கள். நிறுவைக்காக வரிசையில் நிற்கிறார்கள். அவர்களது நாள் நேரத்தால் மட்டுமன்றி நிறையாலும் அளக்கப்படுகிறது. குறித்த நிறை குறைந்தால் அரைப்பேர். நடந்த நேரமும் நின்ற நேரமும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. ஆடைத் தொழிற்சாலைகளில், இலக்கு முடியவில்லை என்பதற்காகப் பதிவை முடித்துவிட்டு மீண்டும் இயந்திரத்தடியில் இருத்தப்படும் பெண்கள் நம்மிடம் வந்து முறையிட்டிருக்கிறார்கள். இடம் வேறு, களவு ஒன்றே.

இனிச் சொல்லப்போவது கேட்பதற்குச் சிலருக்குக் கசக்கும். ஆயினும் இந்த மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? நாம் ஓர் இனத்தின் உரிமைக்காகப் பேசுகின்ற அரசியல் இயக்கத்தினர். நமது கூட்டங்களுக்குப் பந்தல் போட உதவுகின்ற வர்த்தகர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நல்லவர் பலர். வரியும் வட்டியும் தாங்காமல் இரவிற் கண்விழிக்கும் சிறு கடைக்காரரும் பலர். ‘முதலாளியும் தமிழன், தொழிலாளியும் தமிழன், குடும்பம் போல இருக்கிறோம், இதற்குள் சட்டத்தைக் கொண்டு வராதீர்கள்’ என்று அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். குடும்பமென்றால் இலாபத்திலும் பங்கு இருக்க வேண்டும். வேலைக்கு மட்டும் குடும்பம், சம்பளத்துக்கு மாத்திரம் அந்நியன் என்பது எந்த ஊர்க் குடும்பம்? சிறு கடைக்காரருக்கு நாம் சொல்வது இதுதான்: அரை மணி வேலை வேண்டாமென்றால் அரை மணி முந்திக் கடையை மூடி, பதிவு நேரத்துக்குள்ளேயே கணக்கை முடியுங்கள். வேலை வேண்டுமென்றால் அதற்குரியதைத் தாருங்கள். மூன்றாவது வழியொன்று நேர்மையில் இல்லை.

அரசாங்கத்திடம் நமக்குரிய உரிமையைக் கேட்கும்போது, ‘பெரும்பான்மையின் வசதிக்காகச் சிறுபான்மை பொறுத்துப் போகலாகாதா?’ என்ற பதிலை நாம் ஏற்பதில்லை. அதே நாம், முதலாளியின் வசதிக்காக ஊழியன் பொறுத்துப் போகட்டும் என்று சொன்னால் நமது வாய்க்கு என்ன மதிப்பு இருக்கும்?

நாமும் குற்றமற்றவர்களல்லோம். வழக்குக்கு முதல் நாள் இரவு மனுக்கள் முடியும்வரை எமது சட்டக் காரியாலயத்து இலிகிதர் வீடு போகாமல் இருந்திருக்கிறார். தொழிலாளர் உரிமை பற்றிய மனுவுக்காகவே அவர் அப்படி இருந்த இரவுகளும் உண்டு! அந்த நேரம் பல ஆண்டுகள் எமது பேரேட்டில் ஏறவில்லை. இந்த உரையை ஆயத்தம் செய்யும்போதே அது எமக்கு உறைத்தது. வெட்கத்தோடு அவரிடம் கணக்குக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, ‘நான் எழுதி வைக்கவில்லையே, ஐயா’ என்றார். எழுதி வைக்கும் கடமை எம்முடையது என்பதை அறிந்த நாமே எழுதவில்லை. இப்போது அவரது நேரம் பதிவாகிறது, கூலியும் கொடுபடுகிறது. சட்டம் அறிந்தவன் வீட்டிலேயே இப்படியானால், அறியாதவன் கடையில் என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

‘முறையிட்டால் வேலை போய்விடுமே’ என்ற பயம் உங்களில் அநேகருக்கு உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய நாம் வரவில்லை. ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற் பரிசோதனை பற்றிய 1947ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 1956ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. முறைப்பாடு செய்தவர் யார் என்பதைப் பரிசோதகர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. தொழிற் திணைக்களத்துக்குப் போகும்போது அந்த இரகசியத்தைக் கேட்டு வாங்குங்கள். தனி ஒருவராய்ப் போகாமற் சங்கத்தின் பெயராற் போங்கள். ஒரு கொப்பியைக் கொண்டுவரும் ஊழியனை வேலையால் நிறுத்துவது சுலபம். ஒரு தெருவிலுள்ள கடைகளெல்லாவற்றிலும் கொப்பிகள் இருந்தால் எத்தனை பேரை நிறுத்த முடியும்?

ஆகவே இன்று நாம் மூன்று காரியங்களை ஏற்றுக்கொண்டு கலைவோம். முதலாவது, நாளை காலை முதல் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொப்பி. இரண்டாவது, மாதமொருமுறை அக்கொப்பிகளைச் சங்கக் கூட்டத்தில் ஒப்பிட்டு, எந்தக் கடையில் எவ்வளவு நேரம் களவு போகிறது என்று ஒரே கணக்காகத் திரட்டுவது. மூன்றாவது, அந்தக் கணக்கோடு முதலில் முதலாளிமாரிடம் போய், முன்வேலையும் பின்வேலையும் வேலை நேரமே என்று எழுத்தில் ஒப்பந்தம் கேட்பது. மறுத்தால் தொழிற் திணைக்களம். அதன் பின் நீதிமன்றம். ஒப்பந்தத்தை ஏன் முன்னே வைக்கிறோம் என்பது மவுண்ட் கிளெமென்ஸ் கதையைக் கேட்ட உங்களுக்கு விளங்கும்.

தோழர்களே! பணத்தை இழந்தவன் மீண்டும் உழைத்துச் சம்பாதிக்கலாம். இழந்த மாலைப் பொழுதை எவராலும் சம்பாதித்துத் தர முடியாது. அந்த அரை மணி நேரத்திற் பிடிக்க வேண்டிய பஸ் போய்விடுகிறது. வீட்டுக்கு வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறது. கூலி கேட்பது அந்த இழப்பை ஈடுசெய்வதற்காக மட்டுமன்று. கூலி கொடுக்க வேண்டி வந்தால், அந்த அரை மணியைக் கேட்குமுன் முதலாளி ஒருமுறை யோசிப்பார் என்பதற்காகவுமே.

இன்றிரவு வீடு போகும் வழியில் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் வரியில் நாளைய திகதியை எழுதுங்கள்.